வலை வழங்கிகளில் பணித் திட்டமிடலும் வாழ்நிலை மீளழைப்புகளும்: பைத்தான் சட்டகங்களை முன்வைத்து ஒரு விமர்சனம்

வலை வழங்கி என்பது கோரிக்கை வந்தால் பதில் தரும் நிரல் என்பது பாடப்புத்தக விளக்கம். ஆனால் நாள்தோறும் ஓடும் எந்த வலைப் பயன்பாடும் கோரிக்கைகளோடு நின்றுவிடுவதில்லை. எழுந்தவுடன் தரவுத்தள இணைப்புகளைத் திறக்க வேண்டும். அடங்கும் முன் அவற்றை மூட வேண்டும். இடைப்பட்ட நேரத்தில், யாரும் கேட்காமலே, சில வேலைகளைக் குறித்த நேரத்தில் செய்து முடிக்க வேண்டும். முதல் இரண்டு தேவைகளுக்காக வலைச் சட்டகங்கள் வாழ்நிலை மீளழைப்புகளைத் தருகின்றன. "நீ எழும்போது இந்தச் செயற்கூற்றைக் கூப்பிடு, அடங்கும்போது அந்தச் செயற்கூற்றைக் கூப்பிடு" என்று வழங்கியிடம் முன்கூட்டியே பதிந்து வைப்பதே வாழ்நிலை மீளழைப்பு. மூன்றாவது தேவைக்கு உரியது பணித் திட்டமிடல்.

இரண்டும் ஒரே ஆவணப் பக்கத்தில், அடுத்தடுத்த எடுத்துக்காட்டுகளாக வருவதால், நிரலாளர்கள் இரண்டாவதை முதலாவதற்குள் வைத்துவிடுகிறார்கள். வழங்கி எழும்போது கூப்பிடப்படும் செயற்கூற்றுக்குள்ளேயே ஒரு முடிவில்லாச் சுழலைத் தொடங்கி, "ஒவ்வொரு நாளும் காலை 9 மணிக்கு நினைவூட்டல் அனுப்பு" என்று எழுதிவிடுகிறார்கள். சொந்தக் கணினியில் அது ஒழுங்காகவே ஓடும். உண்மையான வழங்கிக்குப் போன பிறகு ஒரே நோயாளிக்கு ஒரே நினைவூட்டல் நான்கு முறை போகிறது, அல்லது ஒருமுறைகூடப் போவதில்லை. இந்தப் பழுதில் நிரலாளரின் கவனக்குறைவுக்கு ஒரு பங்கு உண்டு என்றாலும், பெரும்பங்கு சட்டகங்களின் வடிவமைப்புக்கே உரியது. பைத்தான் மொழியின் வலைச் சட்டகங்களில் இதன் வரலாறு தெளிவாகத் தெரிவதால் அவற்றை முதன்மையாகவும், மற்றவற்றை ஒப்பீட்டுக்காகவும் இங்கே எடுத்துக்கொள்ளலாம்.

தொடக்கமும் முடிவும் இல்லாத வழங்கிகள்

1990களின் சிஜிஐ முறையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புதிய செயல்முறை பிறந்து, பதில் தந்து, இறந்தது. அங்கே "வழங்கி எழுந்தது" என்று சொல்ல ஒரு கணமே கிடையாது. பிஎச்பி இந்த மரபையே பெரிதும் பின்பற்றியது. ஒரு கோரிக்கையில் உருவான மாறிகள் அடுத்த கோரிக்கைக்கு வருவதில்லை. ஆகவே நேரம் பார்த்துச் செய்யும் வேலைக்கு யூனிக்ஸின் க்ரான் போன்ற வெளிக் கருவியை நாடுவதைத் தவிர வழியில்லை.

வேர்ட்பிரஸ் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டது. டபிள்யூபி-க்ரான் எனப்படும் அதன் ஏற்பாட்டில், யாராவது தளத்துக்கு வரும்போதெல்லாம் "நேரம் கடந்த வேலை ஏதேனும் உண்டா" என்று பார்க்கப்படுகிறது. வருகையாளர் இல்லாத தளத்தில் காலை 6 மணிக்கு வெளியாக வேண்டிய கட்டுரை, முதல் வாசகர் வரும் 10 மணி வரை வெளியாகாது. அதைப் படிக்க வந்தவரே அதை வெளியிடவும் வைக்கிறார் என்பது வேடிக்கைதான். இந்த ஏற்பாட்டை நிரலாளர்கள் கேலி செய்வது வழக்கம். நெரிசல் மிகுந்த தளங்களில் இதை நிறுத்திவிட்டு உண்மையான க்ரானை வைப்பதே பொதுவான அறிவுரை. ஆனாலும் டபிள்யூபி-க்ரானிடம் ஒரு நற்குணம் உண்டு. செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் தரவுத்தளத்தில் இருக்கிறது. வழங்கி இறந்து எழுந்தாலும் பட்டியல் அழிவதில்லை. பின்னால் வந்த, பார்வைக்கு மிக நேர்த்தியான பல ஏற்பாடுகளிடம் இந்த ஒரு குணம் கிடையாது.

பைத்தானில் 2003ஆம் ஆண்டு முன்மொழியப்பட்ட டபிள்யூஎஸ்ஜிஐ நெறி, வழங்கிக்கும் பயன்பாட்டுக்கும் இடையே ஒரே ஒரு உறவை வரையறுத்தது: கோரிக்கை வந்தால் இந்தச் செயற்கூற்றைக் கூப்பிடு. எழுவதற்கும் அடங்குவதற்கும் அதில் சொல்லே இல்லை. நெறி எளிமையாக இருந்ததால்தான் பல வழங்கிகளும் பல சட்டகங்களும் ஒன்றோடொன்று எளிதில் பொருந்தின. அதற்கான விலையைச் சட்டகங்கள் கொடுத்தன.

ஃபிளாஸ்க் சட்டகத்தின் "பிஃபோர் ஃபர்ஸ்ட் ரிக்வெஸ்ட்" அந்த விலையின் நல்ல எடுத்துக்காட்டு. எழும் கணத்தை அறிய வழியில்லாததால், முதல் கோரிக்கை வரும் கணத்தையே எழும் கணமாகப் பாவித்தது அது. இதன் விளைவுகள் எளிதில் ஊகிக்கக்கூடியவை. தரவுத்தள முகவரி தவறாக இருந்தால் வழங்கி எழும்போது ஒன்றும் தெரியாது. முதலில் வரும் பயனரின் திரையில்தான் பிழை விழும். பின்னணிச் சுழலை இதற்குள் தொடங்கியவர்களுக்கு, இரவில் மறுதொடக்கமான வழங்கி காலையில் ஒருவர் வந்து கதவைத் தட்டும் வரை எந்த வேலையும் செய்யாது. ஃபிளாஸ்க் 2.2 பதிப்பில், 2022இல், இது கைவிடப்படும் என அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு 2.3 பதிப்பில் நீக்கப்பட்டது. பழைய பயிற்சிக் கட்டுரைகளைப் பார்த்து எழுதும் மாணவர்கள் இன்றும் இந்தப் பெயரில் இடறி விழுகிறார்கள். ஆனாலும் நீக்கியது சரியான முடிவே.

ஜாவா இதை முன்பே சரிசெய்திருந்தது. 2001இல் வந்த செர்வ்லெட் 2.3 நெறியில், பயன்பாடு எழும்போதும் அடங்கும்போதும் அழைக்கப்படும் கேட்பிகள் இடம்பெற்றன. எந்தக் கேட்பி முதலில், எது பிறகு என்ற வரிசையும், அடங்கும்போது அந்த வரிசை தலைகீழாகும் என்பதும் அங்கே எழுதப்பட்டிருந்தன. பைத்தான் உலகம் ஒரு பொது நெறியாக இந்த இடத்துக்கு வந்து சேர ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஆயின.

டொர்னாடோ

இடையில் வந்த டொர்னாடோவைத் தாண்டிப் போக முடியாது. ஃபிரெண்ட்ஃபீட் நிறுவனத்தில் உருவாகி, அதை ஃபேஸ்புக் வாங்கிய பிறகு 2009இல் திறமூலமாக வெளியிடப்பட்ட இது, வழங்கியையும் நிகழ்வுச் சுழலையும் ஒன்றாக்கியது. ஒரே இழையில் ஓடும் சுழல் ஒன்று. கோரிக்கையும் அதில் ஒரு நிகழ்வு, நேரம் ஆவதும் அதில் ஒரு நிகழ்வு. "அடுத்த சுற்றில் இதைக் கூப்பிடு", "5 நொடி கழித்து இதைக் கூப்பிடு", "இத்தனைக்கு ஒருமுறை இதைக் கூப்பிடு" என மூன்று வகையாகச் சுழலிடம் பதிந்து வைக்கலாம்.

இந்த வடிவமைப்பில் பாராட்டத்தக்கது, மீண்டும் மீண்டும் ஓடும் வேலை பிழைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது தரும் விடை. டொர்னாடோவின் "பீரியாடிக் கால்பேக்" பிழையைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, அடுத்த முறைக்கு ஆயத்தமாகிறது. ஜாவாவின் பழைய டைமர் வகுப்பில் ஒரு வேலை பிழைபட்டால், அந்த டைமரின் இழையே இறந்து அதிலிருந்த மற்ற வேலைகளும் நின்றுபோகும். 2004இல் ஜாவா 5உடன் வந்த புதிய திட்டமிடுவானும் பிழைபட்ட வேலையின் அடுத்தடுத்த ஓட்டங்களைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடும். ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டிய ஒரு வேலை, ஒரு நாள் வலையமைப்பு அரை நிமிடம் அறுந்ததால் நிரந்தரமாக நிற்பதைவிட, திட்டிக்கொண்டே தொடர்வது மேல். ஒரு வேலை தன் இடைவெளியைவிட நீண்டுவிட்டால் தவறிய முறைகளை அடுக்கி வைக்காமல் தாண்டிவிடுவதும் டொர்னாடோவின் நல்ல முடிவுகளில் ஒன்று.

அதே சட்டகத்தில், தவிர்த்திருக்க வேண்டிய ஒரு குளறுபடியும் உண்டு. "இத்தனை நேரம் கழித்துக் கூப்பிடு" என்பதற்கு எண்ணை நொடியில் தர வேண்டும். "இத்தனைக்கு ஒருமுறை கூப்பிடு" என்பதற்கு மில்லிநொடியில் தர வேண்டும். 60 என்று எழுதியவர் நிமிடத்துக்கு ஒருமுறை என்று நினைத்திருப்பார். வேலையோ நொடிக்கு 16 முறைக்கு மேல் ஓட முயலும். அண்மைப் பதிப்புகளில் எண்ணுக்குப் பதிலாகக் கால அளவைப் பொருளாகவே தரலாம். அப்படித் தருவதே பாதுகாப்பு.

நேர அலகு தொடர்பான விபத்துகளில் நோட்.ஜெஎஸ்ஸினுடையது இன்னும் கொடியது. அதன் டைமர்கள் 2147483647 மில்லிநொடி வரைதான் ஏற்கும். அது 25 நாளுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேற்பட்ட எண்ணைத் தந்தால் இடைவெளி 1 மில்லிநொடியாகிவிடும். 30 நாளுக்கு ஒருமுறை விலைப்பட்டியல் அனுப்ப நினைத்து 259 கோடியே 20 லட்சம் மில்லிநொடி என்று எழுதியவரின் நிரல், அனுப்பத் தொடங்கியதும் நிற்காது. எச்சரிக்கை ஒன்று பதிவேட்டில் விழும் என்பது உண்மை. ஆனால் பதிவேட்டைப் படிப்பதற்குள் பல்லாயிரம் கடிதங்கள் போயிருக்கும்.

லைஃப்ஸ்பான் நெறி

டபிள்யூஎஸ்ஜிஐயின் இடத்தை நிரப்ப வந்த ஏஎஸ்ஜிஐ நெறியில் "லைஃப்ஸ்பான்" என்ற பகுதி உண்டு. வழங்கி எழும்போது பயன்பாட்டுக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. பயன்பாடு தன் ஆயத்தங்களை முடித்து "முடிந்தது" என்றோ "முடியவில்லை" என்றோ பதில் சொல்கிறது. "முடிந்தது" என்ற பதில் வரும் வரை வழங்கி கோரிக்கைகளை ஏற்பதில்லை. அடங்கும்போதும் இதே உரையாடல். ஸ்டார்லெட், அதன் மேல் கட்டப்பட்ட ஃபாஸ்ட்ஏபிஐ ஆகியவை இந்த நெறியைப் பயனருக்குத் தருகின்றன.

ஃபாஸ்ட்ஏபிஐயில் முதலில் இருந்த வடிவம், எழும்போது ஒரு செயற்கூறும் அடங்கும்போது வேறொரு செயற்கூறுமாகத் தனித்தனியே பதிவது. 2023இல் வெளியான 0.93 பதிப்பிலிருந்து இரண்டையும் ஒரே செயற்கூற்றில் எழுதும் முறை பரிந்துரைக்கப்படுகிறது. நடுவில் "யீல்ட்" என்ற ஒரு சொல். அதற்கு மேலே உள்ளது எழும்போது ஓடும், கீழே உள்ளது அடங்கும்போது ஓடும்.

இது வெறும் அழகுக்காகச் செய்த மாற்றமன்று. பழைய முறையில் எழும்போது திறந்த இணைப்பை அடங்கும்போது மூட, அதை ஏதேனும் ஒரு பொது மாறியில் போட்டு வைக்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மூன்று இணைப்புகளைத் திறக்க வேண்டிய இடத்தில் மூன்றாவது தோல்வியடைந்தால், எழுதல் முழுமையடையாததால் அடங்கும் மீளழைப்புகள் அழைக்கப்படா. முதல் இரண்டு இணைப்புகளும் அனாதைகளாகும். புதிய முறையில் ஒவ்வொன்றையும் "வித்" தொகுதிக்குள் திறந்தால், எங்கே தடுக்கி விழுந்தாலும் அதுவரை திறந்தவை தலைகீழ் வரிசையில் மூடப்படும். திறந்தவரே மூடுவார் என்ற ஒழுங்கு நிரலின் வடிவத்திலேயே வந்துவிடுகிறது. அண்மைக்கால வலைச் சட்டக வடிவமைப்புகளில் இது உண்மையான முன்னேற்றம்.

ஆனால் மாறிச் செல்லும் பாதையில் ஒரு குழி வெட்டப்பட்டிருக்கிறது. பயன்பாட்டுக்குப் புதிய லைஃப்ஸ்பான் செயற்கூற்றைத் தந்துவிட்டால், பழைய முறையில் பதிந்த மீளழைப்புகள் எதுவும் அழைக்கப்படமாட்டா. இரண்டில் ஒன்றுதான். ஆவணத்தில் இது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஓடும் நிரலோ பிழை காட்டுவதில்லை. பெரிய பயன்பாடு ஒன்றில் ஒருவர் தன் பகுதியைப் புதிய முறைக்கு மாற்றினால், வேறொருவர் பதிந்து வைத்திருந்த தற்காலிகக் கோப்பு அழிப்பு வேலை அன்றோடு நின்றுவிடும். வட்டு நிரம்பும் நாளில்தான் அது தெரியவரும். பதிந்த ஒன்றை அழைக்கப் போவதில்லை என்றால், எழும்போதே மறுத்து நிற்பதுதான் நேர்மையான நடத்தை. அதேபோல், முதன்மைப் பயன்பாட்டுக்குள் பொருத்தப்படும் துணைப் பயன்பாடுகளின் லைஃப்ஸ்பானும் தானாக ஓடுவதில்லை. இதையும் அனுபவத்தில் பட்டே பலர் அறிகிறார்கள்.

நெறியிலேயே ஒரு தளர்வு இருக்கிறது. லைஃப்ஸ்பான் செய்தி வந்ததும் பயன்பாடு விதிவிலக்கு எறிந்தால், "இந்தப் பயன்பாட்டுக்கு லைஃப்ஸ்பான் தெரியாது போலும்" என்று கருதி வழங்கி மேலே நடக்க வேண்டும் என்கிறது நெறி. பழைய பயன்பாடுகளோடு ஒத்துப்போக இந்த இரக்கம் தேவைப்பட்டது. ஸ்டார்லெட் விதிவிலக்கைத் தானே பிடித்து "முடியவில்லை" என்று முறையாகச் சொல்லிவிடுவதால் அதன் பயனர்களுக்குத் தொல்லையில்லை. கையால் ஏஎஸ்ஜிஐ நிரல் எழுதுபவர்களுக்குத்தான் ஆபத்து. அவர்கள் யுவிகார்ன் வழங்கியில் லைஃப்ஸ்பான் அமைப்பை "ஆட்டோ"விலிருந்து "ஆன்" என மாற்றிக்கொள்வது நல்லது.

நான்கு ஒர்க்கர், நான்கு நினைவூட்டல்

இங்கேதான் மையச் சிக்கல் தொடங்குகிறது. "வழங்கி எழும்போது" என்ற சொற்றொடரைப் படிக்கும் மாணவர், ஒரு வழங்கி, ஒரு எழுதல் என்று புரிந்துகொள்கிறார். நடைமுறையில் ஒரு வழங்கி என்பது பல செயல்முறைகள். யுவிகார்னையோ ஜியூனிகார்னையோ நான்கு ஒர்க்கர்களோடு ஓட்டினால், லைஃப்ஸ்பான் செயற்கூறு நான்கு முறை, நான்கு தனித்தனி நினைவகங்களில் ஓடும். அதற்குள் தொடங்கிய நினைவூட்டல் சுழலும் நான்காகும். இரண்டு கணினிகளில் அதே பயன்பாட்டை ஓட்டினால் எட்டு. மருத்துவமனை முன்பதிவு நினைவூட்டல் என்றால் நோயாளிக்கு எரிச்சல், குறுஞ்செய்திக் கட்டணம் நான்கு மடங்கு. மாதச் சந்தாவை வங்கிக் கணக்கிலிருந்து எடுக்கும் வேலை என்றால், ஒருவரின் மாதச் சம்பளத்தில் நான்கு முறை கை வைத்ததாகும்.

மேம்பாட்டுச் சூழலில் ஒர்க்கர் ஒன்றுதான் என்பதால் இது அங்கே தெரிவதில்லை. ஜாங்கோவில் மட்டும் ஒரு முன்னெச்சரிக்கை தற்செயலாகக் கிடைக்கும்: கோப்பு மாறினால் தானே மறுதொடக்கம் செய்யும் மேம்பாட்டு வழங்கி இரண்டு செயல்முறைகளாக ஓடுவதால், "ரெடி" என்ற தொடக்கச் செயற்கூறு இரண்டு முறை அழைக்கப்படும். அதைக் கண்டு குழம்பி, சூழல் மாறியைச் சோதித்து ஒன்றை அடக்கிவிட்டுப் போகிறவர்களே அதிகம். அந்த இரட்டை ஓட்டம் என்ன சொல்ல வருகிறது என்று நின்று கேட்பவர் குறைவு.

எதிர்த்திசைப் பழுதும் உண்டு. நினைவகக் கசிவுக்கு மருந்தாக, இத்தனை கோரிக்கைகளுக்குப் பிறகு ஒர்க்கரைக் கொன்று புதிதாக எழுப்பும் அமைப்பு ஜியூனிகார்னில் உள்ளது. லைஃப்ஸ்பானுக்குள் "24 மணி நேரம் உறங்கு, பிறகு கணக்கு முடி" என்று எழுதப்பட்ட சுழல், சில மணிக்கு ஒருமுறை ஒர்க்கர் புதுப்பிக்கப்படும் வழங்கியில் ஒருபோதும் தன் வேலைக்கு வந்து சேராது. ஒவ்வொரு பிறப்பிலும் அது முதலிலிருந்து உறங்கத் தொடங்கும். பிழைச் செய்தி எதுவும் வராது, ஏனென்றால் பிழை எதுவும் நடக்கவில்லை.

பயன்பாட்டைப் பிரிப்பதற்கு முன்பே ஏற்றிவைக்கும் "ப்ரீலோட்" அமைப்பைச் சிலர் மருந்தாகச் சொல்வார்கள். ஒரு செயல்முறை பிரியும்போது பிரித்த இழை மட்டுமே பிள்ளைக்குள் உயிரோடு போகும். திட்டமிடுவானின் இழை தாயிடம் நின்றுவிடும். ஆகவே வேலை ஒருமுறைதான் நடக்கும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அதே நேரத்தில் திறந்த தரவுத்தள இணைப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகிவிடும். ஒரே குழாயில் நால்வர் பேசினால் யாருடைய விடை யாருக்குப் போகும் என்று சொல்ல முடியாது. பல்வலிக்குத் தலையை வெட்டிக்கொண்ட கதை.

செலரி போன்ற கருவிகள் இதை நேர்மையாக எதிர்கொள்கின்றன. நேரம் பார்க்கும் "பீட்" என்ற செயல்முறை தனியானது, எந்நேரமும் ஒன்று மட்டுமே ஓட வேண்டும் என அதன் ஆவணம் வெளிப்படையாகச் சொல்கிறது. சிறிய பயன்பாட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. இயங்குதளத்தின் க்ரானே போதும். அது 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்தது, இன்றும் இருக்கிறது. வழங்கிகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுவதை மட்டும் மறக்கக்கூடாது. அங்கே 9 மணி என்று எழுதிய வேலை இந்தியாவிலும் இலங்கையிலும் பிற்பகல் 2.30க்குத்தான் நடக்கும்.

ஒர்க்கர்களுக்குள்ளேயே வேலையை வைக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் தரவுத்தளப் பூட்டு உதவும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் அறிவுரைப் பூட்டை நான்கு ஒர்க்கர்களும் எடுக்க முயல்வார்கள், ஒருவருக்குக் கிடைக்கும், அவர் இறந்தால் இணைப்பு அறுந்து பூட்டு தானே விடுபடும். ஆனால் பூட்டு ஒரே நேரத்தில் இருவர் செய்வதைத்தான் தடுக்கும். ஒருவர் முடித்துவிட்டுப் போன பிறகு, கடிகாரம் சில நொடி பின்தங்கிய இன்னொருவர் வந்து அதே வேலையை மறுபடி செய்வதைத் தடுக்காது. கூபர்நெட்டிஸின் க்ரான்ஜாப் ஆவணமும்கூட, அரிதாக ஒரு வேலை இரண்டு முறை உருவாகலாம், உருவாகாமலும் போகலாம் என்று ஒப்புக்கொள்கிறது.

ஆகவே கடைசிக் காவல் வேலைக்குள்ளேயே இருக்க வேண்டும். முன்பதிவு எண், நாள், செய்தி வகை மூன்றும் சேர்ந்து தனித்துவமாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு ஓர் அட்டவணை. அனுப்பும் முன் அதில் ஒரு வரி எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால் வேறு யாரோ எடுத்துக்கொண்டார் என்று பொருள். இங்கேயும் ஒரு தேர்வு மிஞ்சுகிறது. எழுதிவிட்டு அனுப்புவதற்குள் செயல்முறை இறந்தால் செய்தி போகவே போகாது. அனுப்பிவிட்டு எழுதினால், இடையில் இறந்தபோது இரண்டு முறை போகும். நினைவூட்டலுக்கு இரண்டாவது தாங்கத்தக்கது. பணம் எடுப்பதற்கு இரண்டுமே ஆகாது. அங்கே கட்டண நிறுவனத்திடமே ஒரே கோரிக்கை எண்ணைத் திரும்பத் தந்து, அவர்கள் பக்கத்தில் இரட்டிப்பைத் தடுக்கச் செய்ய வேண்டும். எது தாங்கும் எது தாங்காது என்பதை எந்தச் சட்டகமும் அறிய முடியாது. ஒரு வரியில் திட்டமிடலாம் என்ற விளம்பரம், இந்தக் கேள்வியை நிரலாளர் கேட்காமலே கடந்துபோக உதவுகிறது என்பதே அதன் மேலான குற்றச்சாட்டு.

பிடித்தால் மௌனம், விட்டால் மறைவு

பைத்தானின் ஏசின்க்ஐஓ நூலகத்தில் ஒரு பணியை உருவாக்கி விட்டுவிடுவது ஒரு வரி. ஆனால் நிகழ்வுச் சுழல் பணிகளை வலுவாகப் பிடித்து வைப்பதில்லை. வேறு யாரும் அந்தப் பணியையோ அது காத்திருக்கும் பொருளையோ பிடித்திராவிட்டால், குப்பை சேகரிப்பான் அதைப் பாதி ஓட்டத்திலேயே அள்ளிப் போகலாம். ஆகவே உருவாக்கிய பணியை ஒரு மாறியில் வைத்திருங்கள் என்கிறது அதிகாரப்பூர்வ ஆவணம்.

வைத்திருந்தால் இன்னொரு வினை. பணி பிழைபட்டு இறந்தால், "இந்தப் பிழையை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை" என்ற செய்தி எழுதப்படுவது அந்தப் பணிப்பொருள் நினைவகத்திலிருந்து அழியும்போதுதான். ஆவணத்தின் பேச்சைக் கேட்டு அதைப் பயன்பாட்டின் நிலைப் பொருளில் பத்திரமாக வைத்திருப்பவருக்கு, வழங்கி அடங்கும் வரை அந்தச் செய்தி வராது. மூன்று வாரமாக நின்றுபோன சுழல், மறுதொடக்கத்தின்போதுதான் தன் சாவை அறிவிக்கும். இதற்கு மருந்து எளிது: சுழலுக்குள் ஒவ்வொரு சுற்றையும் பிழைபிடிக்கும் தொகுதிக்குள் வைத்துப் பதிவேட்டில் எழுதுவது, பணி முடியும்போது அழைக்கப்படும் மீளழைப்பு ஒன்றைக் கூடவே பதிவது. 2022இல் பைத்தான் 3.11இல் வந்த பணிக்குழு இந்தச் சிக்கலின் ஒரு பகுதியைத் தீர்க்கிறது. ஆனால் அதில் ஒரு பணி பிழைபட்டால் உடன்பிறந்த பணிகள் எல்லாம் நிறுத்தப்படும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பின்னணி வேலைகளுக்கு அந்தக் கண்டிப்பு பொருந்தாது. டொர்னாடோ 2009 வாக்கிலேயே எடுத்திருந்த "எழுது, தொடர்" என்ற முடிவைப் பைத்தானின் தர நூலகம் இன்னும் ஒரு கருவியாகத் தரவில்லை.

அடங்கும் நேரம்

அடங்கும் மீளழைப்பு ஓடும் என்பது வாக்குறுதியாகப் படிக்கப்படுகிறது. மின்சாரம் போனாலும், நினைவகம் தீர்ந்து இயங்குதளம் செயல்முறையைக் கொன்றாலும் அது ஓடாது. இது பலருக்கும் தெரியும். ஒழுங்காக அடங்கும்போதும் அது ஓடாமல் போகலாம் என்பதுதான் கவனிக்கப்படாதது.

யுவிகார்ன் அடங்கும் வரிசை இது: புதிய இணைப்புகளை ஏற்பதை நிறுத்தும், திறந்திருக்கும் இணைப்புகள் முடியக் காத்திருக்கும், ஓடும் கோரிக்கைப் பணிகள் முடியக் காத்திருக்கும், அதன் பிறகே லைஃப்ஸ்பானின் அடங்கும் பகுதியைக் கூப்பிடும். வரிசை நியாயமானது. கோரிக்கை நடுவில் இருக்கும்போது தரவுத்தள இணைப்பை மூடக்கூடாது அல்லவா. ஆனால் காத்திருப்புக்கு இயல்பாக எல்லை கிடையாது. நேரலை மதிப்பெண் போல, முடிவில்லாமல் சொட்டிக்கொண்டிருக்கும் பதில் ஒன்று திறந்திருந்தால் வழங்கி அங்கேயே நின்றுவிடும்.

வெளியே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. கொள்கலனை நிறுத்தச் சொன்னால் டாக்கர் இயல்பாக 10 நொடி பொறுக்கும். கூபர்நெட்டிஸ் 30 நொடி பொறுக்கும். அதற்குப் பிறகு வருவது மறுக்க முடியாத கொலைச் சமிக்ஞை. நேரலை இணைப்பு ஒன்று திறந்திருந்த ஒரே காரணத்தால், அடங்கும் பகுதியில் எழுதியிருந்த "நினைவகத்தில் மிச்சமுள்ள கட்டணப் பதிவுகளைத் தரவுத்தளத்தில் எழுது" என்ற வரி ஒருமுறைகூட ஓடாமல் செயல்முறை சாகும். மேம்பாட்டாளர் தன் முனையத்தில் பொறுமையிழந்து இரண்டாம் முறை கன்ட்ரோல்-சி அழுத்தினாலும் இதேதான் நடக்கும்.

யுவிகார்னில் இந்தக் காத்திருப்புக்கு எல்லை வைக்கும் அமைப்பு உண்டு. வெளிக் கடிகாரம் 30 என்றால் அதை 20க்கு வைத்து, மிச்ச 10 நொடியை லைஃப்ஸ்பானின் அடங்கும் பகுதிக்கு விடலாம். ஃபாஸ்ட்ஏபிஐயைப் பயிற்றுவிக்கும் பாடங்களில் "யீல்ட்"டுக்குக் கீழே என்ன எழுதலாம் என்று விரிவாக விளக்கப்படுகிறது. அந்த வரிகளுக்கு எத்தனை நொடி கிடைக்கும் என்பதோ, அந்த நொடிகள் வழங்கியின் எந்த அமைப்பிலிருந்து வருகின்றன என்பதோ பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. கோ மொழியின் தர நூலகம் 2017இல் தன் வலை வழங்கிக்கு அமைதியாக அடங்கும் வசதியைச் சேர்த்தபோது, அந்தச் செயற்கூற்றின் முதல் அளபுருவாகவே காலக்கெடுவைத் தாங்கும் சூழல் பொருளை வைத்தது. கெடு எதுவும் இல்லாத சூழல் ஒன்றைத் தர விரும்புபவர், அதையும் தன் கையாலேயே அங்கே எழுத வேண்டும்.